சுட்டுவிரலின் முதல் கோடு

பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில்
பன்னிரண்டு மணி நேரம் முகமூடிக்குள் இருப்பேன்.
அங்கே என் முகத்தை யாரும் பார்ப்பதில்லை.
இருந்தும் ஜெலுத்தோங் இரவுச் சந்தையில்
பதினெட்டு ரிங்கிட் கொடுத்து
பெயரில்லாத ஒரு டப்பி வாங்கினேன்.
மஞ்சள் களிம்பு. மூடியில் ஒரு வெள்ளரிக்காய்ப் படம்.

பத்தே நாளில் பருவெல்லாம் அடங்கி
பீங்கான் தட்டானேன்.
நாத்தனார் கல்யாணப் படங்களில்
பெண்ணுக்கு முன்னால் நான்தான் தெரிகிறேன்.

எட்டு மாதம்.
ஒருநாள் டப்பி தீர்ந்தது.
விற்றவள் நின்ற இடத்தில்
கைப்பேசி உறைகள் தொங்கின.
மூன்றாம் நாள் முகம் எரிந்தது.
அடுப்பருகே எரிந்தது, தண்ணீர் பட்டு எரிந்தது,
மின்விசிறி திரும்பும் ஒவ்வொரு முறையும்.
கன்னத்தில் சிவப்பு நூல்கள்,
மேலுதட்டில் அப்பாவின் மீசை.

டாக்டர் ஊய் காலி டப்பியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.
"ஸ்டீராய்டு கலந்திருப்பான்.
எவ்வளவு என்று அவனுக்கே தெரியாது."

அந்தச் சொல்லை அன்றே
பேய்களின் பட்டியலில் சேர்த்தேன்.

அதனால்தான்
தஷ்வினுக்கு ஒன்றரை வயதில்
முழங்கை மடிப்பும் முழங்கால் மடிப்பும்
சிவந்து நீர் கசிந்தபோது
அதே டாக்டர் தந்த சின்ன டியூபை
முட்டைகளுக்குப் பின்னால் ஃப்ரிட்ஜில் ஒளித்தேன்.
பதினோரு நாள்.
வேப்பிலை அரைத்தேன். தேங்காயெண்ணெய் பூசினேன்.
பக்கத்து வீட்டு மெய் ஃபோங் சொன்ன
ஏதோ கசப்பு வேரை வெந்நீரில் போட்டேன்.
இரவில் அவன் கைகளுக்குக் காலுறை மாட்டினேன்.
காலுறையோடும் சொறிந்தான்.
அட்டைப்பெட்டி ஒன்றை யாரோ
அவசரமில்லாமல் கிழித்துக்கொண்டே இருப்பது மாதிரி
ஒரு சத்தம்.
விடிந்தால் விரிப்பில் துருப் புள்ளிகள்.

பன்னிரண்டாம் நாள் கிளினிக்கில் கத்தினேன்:
"என் முகத்தைப் பார்த்த பிறகும்
இதையா என் பிள்ளைக்குத் தருகிறீர்கள்?"
அவர் கோபப்படவில்லை. களைத்திருந்தார்.
வெளியே இன்னும் இருபது டோக்கன்.
"நீ போட்டது எதுவென்றே தெரியாதது.
முகத்தில். எட்டு மாதம். அதுவும் பருவுக்கு.
இது மிக மென்மையானது.
சிவந்த இடத்தில் மட்டும், ஏழு நாள்.
அடங்கவில்லையென்றால் என்னிடம் வா, நீயே நீட்டிக்காதே.
ஈரப்பசைக் களிம்பு மட்டும் தினமும், அடங்கிய பிறகும்."

"எவ்வளவு போட?"

தன் சுட்டுவிரலை நீட்டி
நுனியிலிருந்து முதல் கோடு வரை
ஒரு வெள்ளைப் புழுவைப் பிதுக்கினார்.
"இது பெரியவர் கை
இரண்டின் அகலத்துக்குப் போதும்.
இவன் முழங்கைக்கு இதிலும் கொஞ்சம்தான்."

அன்றிரவு என் விரலையே பார்த்திருந்தேன்.
நுனியில் பழைய சூட்டுத் தழும்பு, வெங்காய வாசம்.
விளக்கைப் போடாமல்
திருடப்போகிறவள் மாதிரி
தடவினேன்.

மூன்றாம் இரவு சத்தமில்லை.
பதறி எழுந்துபோய் மூச்சைத் தொட்டுப் பார்த்தேன்.
தூங்குகிறான். அவ்வளவுதான்.
ஒரு காலுறை கழன்று தரையில் கிடந்தது.

குதிரைக் காலண்டரில் ஏழு கட்டம் வரைந்திருந்தேன்.
ஆறாம் நாளே ஆறிவிட்டது.
ஏழாவது கட்டம் காலியாக இருக்கிறது.

இப்போது குளியலறைக் கதவிடுக்கில்
புவனேந்திரனின் ஈரக் கை நீள்கிறது:
"பையனோட டியூப் எங்க?
தொடையிடுக்குல வட்டம் வட்டமா அரிக்குது லா."

வட்டமாம்.
எட்டிப் பார்த்தேன். விளிம்பு சிவந்து நடுவில் வெளுத்து.
"படர்தாமரை மாதிரி இருக்கு. இதைப் போட்டா
அரிப்புதான் தூங்கும். வட்டம் முழிச்சிக்கிட்டு
வயிறு வரைக்கும் ஏறிவரும்.
போய் டோக்கன் எடு."

முனகிக்கொண்டே கதவைச் சாத்துகிறான்.
டியூபை முட்டைகளுக்குப் பின்னாலேயே வைக்கிறேன்,
திறந்த தேதியை மூடியில் எழுதி.
ஜன்னலில் வெயில் ஏறுகிறது.
கன்னத்தைத் திருப்பிக்கொள்கிறேன்.